வாய்க்குள்ளே ஓர் அனுமதி

பொக்லைனின் சாவியைத் திருகி அணைத்துவிட்டு சிலாங் கினாத்தா இறங்குகிறாள். வாயிலிருக்கும் வெற்றிலைச் சாற்றைப் பழைய காப்பி டப்பாவில் துப்பி, மூடியை அழுத்துகிறாள். ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுகிறாள். பிறகு புதர்க்காட்டின் நடுவே நிற்கும் ஆலமரத்துக்கு எதிரே போய், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையைப் போலக் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறாள். தாடை அசைகிறது. தொண்டை ஏறி இறங்குகிறது. உதடு மட்டும் பிரியவில்லை.

பின்னால் நிலத்துக்காரன் இனாஸ் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"கேட்டாச்சா அக்கா?"

"ஆச்சு."

"எனக்குக் காதுல விழலையே."

"உன்கிட்டயா கேட்டேன்?"

இனாஸ் விடுகிற ஆளில்லை. ஆலமரத்தை யாரும் தொடப்போவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் புதரை வழித்தெடுத்து, மகளுக்கு அங்கே ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவன் கனவு. "தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு என் பொண்ணு குழந்தை குட்டியோட இங்கதான் படுக்கப் போகுது. நீங்க வாய்க்குள்ள கேட்டது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு நான் யாரைப் போய்க் கேக்கறது? ஒரே ஒரு தடவை சத்தமா சொல்லிடுங்க. அப்புறம் தாராளமா வெட்டலாம்."

சிலாங் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு ஒரு குச்சிகூட முறியவில்லை. பொக்லைன் ஆலமரத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றது.

இனாஸைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் தீவு ஊரான உமாத்தக்கில் காட்டுக்குள் கால் வைக்கிற எவரும் அங்கே குடியிருக்கும் செத்துப்போன முன்னோரிடம் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். "தாத்தா, பாட்டி, மன்னிச்சுக்குங்க. உங்க இடத்து வழியா போறோம். நீங்க எங்க பக்கம் வந்தா நீங்களும் இதே மாதிரி தாராளமா வாங்க." விறகு பொறுக்கப் போகிறவர், தேங்காய் நண்டு பிடிக்கப் போகிறவர், அவசரமாக ஒன்றுக்குப் போகிறவர், எல்லோருமே வாய்விட்டுத்தான் கேட்பார்கள். கள் ஏறித் தள்ளாடுகிறவர்கூடத் தொப்பியைக் கழற்றி, மரத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை கேட்பார். முதல் முறை கேட்டது மறந்துவிட்டிருக்கும். சிலாங் ஒருத்திதான் வாயை மூடிக்கொண்டு கேட்பாள்.

மற்றபடி அவள் வாய் ஒன்றும் சின்ன வாய் இல்லை. ஐம்பதைத் தாண்டிவிட்ட, அகன்ற தோளும் வெற்றிலைச் சிவப்பு ஏறிய பல்லுமாக இருக்கிற பெண். இந்த முனையில் அவள் சிரித்தால் அந்த முனையில் கட்டிப்போட்ட சேவல் பதில் கொடுக்கும். பொக்லைனுக்கு அவள் வைத்த பெயர் எருமை. காலையில் கிளப்பும் முன் அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அதன் வாளியால் முட்டையை எடுத்துத் தட்டில் வைப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். முட்டை என்பது கொஞ்சம் கூடுதல். எலுமிச்சம்பழம் என்றால், அது ஊரே பார்த்தது.

புயல் எச்சரிக்கை வந்தால் மற்றவர்கள் கூரையைக் கட்டுவார்கள். சிலாங் எருமையைக் கட்டுவாள். அத்தனை டன் இரும்பு பறக்குமா என்று கேட்கக் கூடாது. ஒரு பெரும்புயலில் அது பறந்து போய்ப் பவளப்பாறைக்கு அப்பால் கடலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வந்து நின்றதாகவும், வாளியில் மீன் கிடந்ததாகவும் ஒரு கதை உண்டு. சிலாங் அதை மறுப்பதில்லை. "பெரிய மீன்லாம் இல்ல. ஒரு குழம்புக்கு ஆச்சு" என்பாள்.

இப்படிப்பட்டவள் மரத்துக்கு எதிரே போனதும் ஏன் ஊமையாகிறாள் என்பதற்கு ஒரு தாள்தான் காரணம். அவளுக்குப் பத்தொன்பது வயதில் ராணுவம் கொடுத்தனுப்பிய தாள்.

எங்கள் ஊரில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத கூரை என்று ஒன்று இருந்தால் அது கோழிக்கூட்டின் கூரையாகத்தான் இருக்கும். சிலாங் சேர்ந்தது புல்டோசர் ஓட்டக் கற்றுக்கொள்ள. கடல் தாண்டிப் பெருநிலத்தில் ஏதோ ஒரு பைன் காட்டில் பயிற்சி முகாம். நடைப்பயிற்சியின் நடுவே ஒதுங்க வேண்டி வந்தது. அவள் வளர்ந்த வளர்ப்புக்கு, யாருடைய காடென்று தெரியாத இடத்தில் கேட்காமல் குந்த முடியுமா? கேட்டாள். வாய்விட்டு, முறைப்படி, மன்னிப்போடு. புதருக்கு அந்தப்பக்கம் நின்ற தோழி ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரி டாக்டரிடம் அனுப்பினார்.

"அந்த டாக்டர் நல்ல மனுஷன்தான்" என்று இன்றைக்கும் சொல்வாள் சிலாங். "காப்பி குடுத்தாரு. 'யார்கிட்ட பேசினே?'ன்னாரு. 'பெரியவங்ககிட்ட'ன்னேன். 'எங்க இருக்காங்க?' 'செத்துட்டாங்க சார்.' புருவத்தைத் தூக்கினாரு."

கெட்டது அங்கேதான். எங்கள் தீவில் ஒருவர் புருவத்தைத் தூக்கினால் 'ஆமாம், சரி, எனக்கும் தெரியும்' என்று பொருள். கடையில் பாக்கு இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரரின் புருவம்தான் பதில் சொல்லும். கல்யாணத்துக்குச் சம்மதம்கூடப் புருவத்தால் சொன்னவர்கள் இருக்கிறார்கள். டாக்டருக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று சிலாங்குக்கு ஒரே பூரிப்பு. கேட்காமல் ஆற்றங்கரையில் மாங்காய் பறித்த அத்தையின் கால் ஈரப்பலா பருமனுக்கு வீங்கியதைச் சொன்னாள். புருவம் ஏறியது. சிற்றப்பாவின் கன்னத்தில் யாரோ கிள்ளிய தடம் வாரக்கணக்கில் மறையாததைச் சொன்னாள். இன்னும் ஏறியது.

"'சரி, நீ கேட்டா அவங்க பதில் சொல்வாங்களா?'ன்னாரு. 'கேட்டா பதில் வராது சார். கேக்காம போனாத்தான் வரும்'னேன். புருவம் முடிக்குள்ளயே போயிடுச்சு. எம்மாம் பொறுமையா கேக்கறாருன்னு சந்தோஷமா எந்திரிச்சு வந்தேன்."

சில வாரங்களில் ஊர் திரும்பினாள். கையில் தாள். மருத்துவக் காரணத்தால் விடுவிப்பு, மனக்கோளாறு, இல்லாதவர்களோடு பேசுகிறார். கௌரவத்தோடு அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு படி கீழே.

ஊர் அதைப் பற்றிப் பல வருஷம் விவாதித்தது. அவளுக்குப் பைத்தியமா என்பது விவாதமே இல்லை. அந்தப் பைன் காட்டுப் பெரியவர்களுக்கு நம் பாஷை புரிந்திருக்குமா என்பதுதான் விவாதம். புரிந்திருக்காது, அதனால்தான் இந்த வினை என்று ஒரு கட்சி. செத்த பிறகு எல்லாப் பாஷையும் புரியும் என்று இன்னொரு கட்சி. சிலாங் இரண்டிலும் சேரவில்லை. வாயை மூடிக்கொண்டாள். ஒப்பந்தக்காரர் ஒருவரின் கொட்டகையில் பொக்லைன் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினாள். காட்டில் மட்டும் சத்தம் போட்டுக் கேட்பதில்லை. யார் எழுதி வைப்பார்களோ.

ஊர்த் திருவிழாப் பூசையின் முடிவில் பாதிரியார், "படையில் இருந்தவங்க எழுந்து நில்லுங்க" என்பார். கினாத்தா குடும்பம் உட்காரும் பெஞ்சு முழுதும் எழுந்துவிடும். சிலாங் மட்டும் எல்லோருடைய தொப்பிகளையும் விசிறிகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நிற்காதே என்று யாரும் சொன்னதில்லை. "தாளு சொல்றது மெய்யின்னா நான் உக்காரணும். பொய்யின்னா நிக்கணும். எதுன்னு எழுதினவங்கதான் சொல்லணும்" என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன் சித்தப்பா மகன் கோரோ. சார்ஜென்டாக ஓய்வு பெற்று வந்து, வாசலில் கோழி வாட்டிக்கொண்டு, ஊரில் எல்லோருக்கும் கட்டளை போட்டுக்கொண்டிருப்பவன்.

"அக்கா, இதுக்குன்னு ஒரு வாரியம் இருக்கு. மனு போட்டா பழைய தாளைத் திரும்பப் பாப்பாங்க. தப்புன்னா காரணத்தை அடிச்சுட்டு முழு கௌரவம்னு மாத்தித் தருவாங்க."

"மாத்தலைன்னா? ரெண்டாவது தடவையும் பைத்தியம்னு முத்திரை குத்திட்டா? ஒரு தடவைன்னா அந்த டாக்டர் ஒருத்தர் தப்புன்னு சொல்லிக்கலாம்டா. ரெண்டு தடவைன்னா எனக்கே சந்தேகம் வந்துடும்."

அன்று கோரோ முதன்முறையாகக் கட்டளை போடாமல் கெஞ்சினான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சிலாங் கையெழுத்துப் போட்டாள்.

படைவீரர்களுக்குக் காசு வாங்காமல் வாதாடும் வக்கீல் ஒருத்தி கிடைத்தாள். பிரிஜித் என்று பெயர். பெருநிலத்துக்காரி, வெயிலில் தக்காளியாகச் சிவப்பவள். ஊர்க்காரர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி வாருங்கள் என்று அவள் சொன்னதுதான் தாமதம், உமாத்தக்கே பேனாவைத் தூக்கிக்கொண்டது. ஆற்றங்கரையில் தலையில்லாத பெரியவர் ஒருவர் தன்னைப் பிடறியில் அறைந்ததை ஒரு பாட்டி படம் போட்டு விளக்கியிருந்தாள். அறைந்த கை இடதா வலதா என்பதற்கே தனி விளக்கம். பிரிஜித் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் அனுப்பினா ஊரையே டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்க, சிலாங்."

கடைசியில் அனுப்பியது பாதிரியாரின் கடிதம். 'இந்தப் பழக்கத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. இது இத்தீவின் மரியாதை. நானும் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்' என்று மூன்றே வரி.

இனாஸ் நிலத்தில் வேலை நின்றுபோனதற்கு அடுத்த நாள் விசாரணை, காணொலியில். அங்கே அவர்களுக்குச் சாயங்காலம், இங்கே மறுநாள் காலை. "நேத்துல உக்காந்துக்கிட்டு என்னை விசாரிக்கிறாங்க பாரு" என்றாள் சிலாங். பிரிஜித் ஒரு வாரமாக அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். இது எங்கள் பண்பாடு. அப்போது எனக்குச் சின்ன வயது. இப்போதும் செய்கிறீர்களா என்றால், எப்போதாவது.

"எப்பவாவதுன்னா எப்பம்மா? நான் தெனம் காட்டுலதானே வேலை செய்யறேன்?"

"அந்தக் கேள்விக்கு மட்டும் சின்னதா பதில் சொல்லுங்க, போதும். இன்னும் இருக்குன்னு அவங்களுக்குத் தோணிட்டா, பழைய டாக்டர் சொன்னது சரின்னு ஆயிடும்."

சிலாங்கின் அடுப்படி மேசையில் மடிக்கணினி. ஒரு பக்கம் பிரிஜித், மறுபக்கம் பழைய சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வயிற்றுப் பொத்தானோடு போராடியபடி கோரோ. அடுப்பில் சிவப்புச் சோறு; நல்லதானாலும் கெட்டதானாலும் வருகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே. திரை விழித்தது. தெரிந்தது என்னவோ கறுப்பு. இணையம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மட்டும் வந்தது.

"ஹலோ? அங்க யாராவது இருக்கீங்களா? எங்களுக்கு யாரையும் தெரியலை. இருக்கீங்கன்னா, உள்ள வரலாமா? ஆரம்பிக்க உங்க அனுமதி உண்டா?"

சிலாங் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தித் திரையை உற்றுப் பார்த்தாள். பிரிஜித் எதையோ அழுத்தினாள். மூன்று முகங்கள் வந்தன. நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட தலைவியம்மாள், இடப்பக்கம் விடாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஒல்லி ஆள், வலப்பக்கம் நாற்காலி கொள்ளாத பருமனில் வாய் திறக்காத ஒருவர்.

பிரிஜித் நன்றாகத்தான் பேசினாள். பண்பாடு வந்தது, சின்ன வயது வந்தது, பாதிரியார் வந்தார். எல்லாம் முடிகிற நேரத்தில் ஒல்லி ஆள் நிமிர்ந்தார்.

"மிஸ் கினாத்தா, ஒரே ஒரு கேள்வி. இந்தப் பழக்கம் உங்களுக்கு இன்னும் இருக்கா?"

மேசைக்கு அடியில் பிரிஜித்தின் கால் சிலாங்கின் காலைத் தொட்டது.

"இருக்குங்க. இன்னைக்கு விடியறப்போ வெத்தலை பறிக்கப் போனேன். அப்பவும் கேட்டேன்."

"அவங்க பதில் சொன்னாங்களா?"

அடுப்படியில் சுவர்ப்பல்லி ஒன்று உச்சுக்கொட்டியது. கோரோவின் பொத்தான் தெறிக்காமல் இருந்ததே பெரிது. 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அது பொய்யும் இல்லை. சிலாங் காப்பி டப்பாவை எடுத்து, திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பிவிட்டு, வாயைத் துடைத்தாள்.

"கேட்டா பதில் வராதுங்க. கேக்காம போனாத்தான் வரும்."

பிரிஜித் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட சொன்னதும் இதேதான். ஒரு வார்த்தை மாறலை. அது பைத்தியம்னா இதுவும் பைத்தியம்தான், அப்படியே எழுதிக்குங்க. மாத்திச் சொல்லி வாங்கற கௌரவம் எனக்கு எதுக்கு? ஆனா ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் முன்னாடி நீங்க என் அடுப்படிக்குள்ள வந்தீங்க. வர்றப்போ உங்களுக்கு யாரையும் தெரியலை, ஒரே இருட்டு. அப்படியிருந்தும் 'யாராவது இருக்கீங்களா, உள்ள வரலாமா'ன்னு கேட்டீங்களே அம்மா. நான் உங்களைத் தப்பா நெனைக்கலை. வீட்டுல நல்லா வளர்த்திருக்காங்கன்னுதான் நெனைச்சேன்."

தலைவியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். ஒல்லி ஆள் ஒரு வரி எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எழுதியதை அடித்தார். வலப்பக்கத்துப் பெரிய மனிதர் மட்டும் அசையவில்லை. முடிவு தபாலில் வரும், சில மாதமாகலாம் என்று தலைவியம்மாள் சொல்லி முடித்து, திரை அணைகிற கடைசி நொடியில், அந்தப் பெரிய மனிதரின் புருவம் சட்டென்று மேலே போய்ச் சட்டென்று கீழே வந்தது.

சிவப்புச் சோற்றை யாரும் தொடவில்லை. பிரிஜித் மடிக்கணினியை மூடினாள். "நான் சொல்லிக்கொடுத்த ஒண்ணையும் நீங்க சொல்லலை" என்றாள். பிறகு, "நல்லவேளை" என்றாள்.

சிலாங் கோரோவை வண்டியை எடுக்கச் சொன்னாள். மலைச்சாலை முழுதும் சண்டை.

"அக்கா, பாத்தியா? அந்தப் பெரிய ஆளு புருவத்தைத் தூக்கினாரு."

"பாத்தேன்."

"நம்ம பக்கத்துப் புருவம் அது. நிச்சயமா ஏதோ தீவுக்காரரு. உடம்பைப் பாத்தியா?"

"டாக்டரும்தான் தூக்கினாரு. நான் நம்பி ஏமாந்தேன்."

"டாக்டர் புருவம் மேல போச்சு, கீழ வந்துச்சா? நீதான சொன்னே, முடிக்குள்ள போயிடுச்சுன்னு! இவரு புருவம் இறங்கிச்சுக்கா. மேல போய் அங்கயே நின்னா ஆச்சரியம். போயிட்டு வந்தா ஆமாம்."

சிலாங் யோசித்தாள். தன் புருவத்தை ஒரு முறை மேலே தூக்கி அங்கேயே நிறுத்திப் பார்த்தாள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தால் திடுக்கிட்டவள் போலத்தான் இருந்தது.

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள். ஆனால் சிரித்தாள். வளைவில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கலைந்து ஓடின.

இனாஸின் நிலத்தில் எருமை நிறுத்திய இடத்திலேயே நின்றது. வாளியில் இரவு மழை தேங்கியிருந்தது. இனாஸ் வேலிக்கல்லில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, தாளு மாறிடுச்சா?"

"தபால்ல வரும்."

"அப்போ இன்னைக்கு வேலை?"

சிலாங் வாயிலிருந்ததை டப்பாவில் துப்பி மூடியை அழுத்தினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஈரப் புல்லில் நடந்து போய் ஆலமரத்துக்கு எதிரே நின்றாள். இனாஸ் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். சாய்ந்திருக்க வேண்டியதில்லை.

"தாத்தா! பாட்டி! மன்னிச்சுக்குங்க!"

விழுதுகளுக்குள் அடைந்திருந்த பறவைகள் ஒரே அடியாகக் கிளம்பின. கோரோ தன்னையறியாமல் விறைப்பாக நின்றான். அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு நாய் குரைத்தது. அதற்கும் அடுத்த ஊரில் ஒரு கிழவர் "வாங்க, வாங்க" என்று தூக்கத்தில் சொன்னதாகக் கேள்வி.

"உங்க இடத்துக்குள்ள வர்றேன். இனாஸ் பொண்ணு இங்க வீடு கட்டப் போகுது. நல்ல பொண்ணு. உங்க மரத்தை நான் தொட மாட்டேன். நீங்க எங்க பக்கம் வந்தா நீங்களும் தாராளமா வாங்க. இத்தனை நாள் வாய்க்குள்ள கேட்டதையும் இதோட சேத்துக்குங்க!"

குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்து அடங்கியது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிலாங் கைகளைத் தொங்கவிட்டபடி, யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பவள் போலச் சற்று நேரம் நின்றாள்.

பிறகு ஆலமரத்தைப் பார்த்து, புருவத்தை ஒரு முறை மேலே தூக்கி இறக்கினாள்.